கடற்கரை மணலும் உயிரணுவின் விளக்கும்

கண்ணுக்குப் புலனாகாத பொருளைக் காணவேண்டும் என்னும் வேட்கை மக்கட்கு இயல்பாக அமைந்ததொன்று. வானத்து மீன்களை அணுக்கத்திற் காட்டும் தொலைநோக்கியும், நீர்த்துளியில் உலவும் சிற்றுயிர்களைக் காட்டும் நுண்ணோக்கியும் அவ்வேட்கையிற் பிறந்தனவே. ஆயினும், நுண்ணோக்கி ஒரு பொருளைப் பெரிதாக்கிக் காட்டுமேயன்றி வேறுபடுத்திக் காட்டாது. உயிரணு என்பது பெரும்பாலும் நீரால் நிறைந்து, நிறமின்றி, ஒளி ஊடுருவ நிற்கும் ஒரு சிறு பை. அதனுள் ஆயிரக்கணக்கான வகைப் பொருள்கள் நெருங்கி இயங்குகின்றன. அனைத்தும் கண்ணாடி போல இருக்குமிடத்து இன்னது இஃது என்று அறிவது எங்ஙனம்? வேண்டிய பொருளை மட்டும் தேடிச் சென்று, அதனருகே நின்று, விளக்கேற்றிக் காட்டும் தூதுவன் ஒருவன் வேண்டும். அத்தூதிற்கு இற்றைநாள் இரசாயன நூலார் உலோகங்களையும் அமர்த்தியிருக்கின்றனர். அவ்வுலோக விளக்குகளின் இயல்பையும், அவற்றிற்கும் நம் செங்கற்பட்டு நாட்டிற்கும் மாமல்லபுரக் கடற்கரைக்கும் உள்ள தொடர்பையும் எமது சிற்றறிவிற்கு எட்டியவாறு ஈண்டு எழுதத் துணிந்தோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இரசாயனத்தில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அவர்க்குரிய விடையை இறுதியிற் கூறுவோம்.

பெரியவரின் வினா

சென்ற கல்வியாண்டில், கல்லூரித் தொண்டுக் குழுவினருடன் யாம் செங்கற்பட்டை அடுத்த சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஆங்கு முதியவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர்தம் வலக்கை விரல்கள் மடங்கிக் குறுகியிருந்தன. இளமையில் முன்கையில் தேமல் போல வெளிறிய தழும்பொன்று தோன்றியதென்றும், நோவும் அரிப்பும் இல்லாமையால் அதனைப் பொருட்படுத்தவில்லையென்றும், பின்னர் அடுப்புக் கொள்ளி சுட்டதையும் அறியாதவாறு கை மரத்துப்போயிற்றென்றும் அவர் கூறினார். மருந்துண்டு நோய் நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்தனவாம். "மருந்து நோயைத் தீர்த்தது தம்பி, விரலைத் தரவில்லை. விரல் போகும் முன்னே நோயைக் காட்டும் கண்ணாடி ஏதும் உங்கள் படிப்பில் இல்லையா?" என்று அவர் வினவினார். "கேட்டுச் சொல்கிறோம், ஐயா" என்பதன்றி வேறு விடை எம்மிடம் இல்லை. இக்கட்டுரை அவ்வினாவின் பின்னே யாம் நடந்த வழியாகும்.

அவர் குறித்தது தொழுநோய். அந்நோயின் வரலாற்றில் செங்கற்பட்டிற்குத் தனியிடம் உண்டு. நகரை அடுத்த திருமணியில் 1924-ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோய் நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. டாக்டர் இராபர்ட் காக்ரேன் ஆங்குப் பணிபுரிந்த காலத்தில் சல்போன் வகை மருந்துகள் இந்நோயாளர்க்கு ஆராய்ந்து கொடுக்கப்பட்டன. கொல்லிமலையிற் பிறந்தவரும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றியவருமான டாக்டர் பால் பிராண்ட், காக்ரேன் அழைக்கச் செங்கற்பட்டிற்கு வந்து நோயாளர்தம் கைகளைக் கண்ட பின்னரே, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். விரல்களை அழிப்பது அழுகல் அன்று, உணர்ச்சி இழந்தமையால் உண்டாகும் புண்களே என்பதை அவர் உலகிற்கு விளக்கினார். திருமணி நிலையம் 1955-இல் நடுவணரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாயிற்று.

இந்நோயை விளைக்கும் நுண்ணுயிரை 1873-ஆம் ஆண்டு நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்னும் மருத்துவர் கண்டார். அது மிக மெல்லப் பெருகுவது; ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு கிழமைகள் ஆகும். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் அதனை வளர்த்தல் இயலாது. அது நரம்பைச் சூழ்ந்துள்ள உயிரணுக்களுள் புகுந்து பல்லாண்டு மறைந்து வாழும். காது மடல் முதலிய இடங்களிற் சிறிது கீறிச் சாறெடுத்து, கண்ணாடிச் சில்லிற் பூசி, சாயமேற்றி நுண்ணோக்கியிற் காண்பது பழைய முறை. கிருமி மிகுந்தவரிடத்து அது தெளிவாகத் தோன்றும். குறைந்தவரிடத்தோ ஒன்றும் தோன்றாமையும் உண்டு. அவ்விடைவெளியிலேதான் பெரியவரின் விரல்கள் போயின.

வெள்ளியும் இறந்த நரம்பும்

உலோகத்தாற் பொருளை அடையாளங் காணும் கலை புதியதன்று. ஹான்சன் கிருமியைக் கண்ட அதே 1873-ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டுக் கமில்லோ கோல்கி என்பார் நரம்புத் துண்டுகளைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலில் ஊறவைத்து, பின்னர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டார். ஒரு சில நரம்பணுக்கள் மட்டும் வேரும் கிளையும் கூடிய மரம் போல முழுக்கருமையாய்த் தோன்றின. ஏனையவை மஞ்சள் நிறப் பரப்பில் மறைந்து நின்றன. அனைத்தும் கறுத்திருப்பின் காடே தெரியும், மரம் தெரியாது. சிலவே கறுத்தமையால் மரம் தெரிந்தது. இம்முறையைத் திருத்திப் பயன்படுத்திய ஸ்பெயின் நாட்டுக் கஹாலும் கோல்கியும் 1906-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆயினும் இதில் ஒரு குறையுண்டு. வெள்ளி படிந்த நரம்பு இறந்த நரம்பு. கொன்ற பின்னரே காண முடிந்தது. உயிருள்ள அணுவில் இந்நொடி எப்பொருள் பிறக்கின்றது, எது அழிகின்றது என்பதை இறந்த அணு சொல்லாது. ஓடும் ஆற்றை அறிய வேண்டுவோன் வறண்ட மணலை நோக்கியிருத்தல் போன்றது இது. கொல்லாமற் காட்டும் உலோகம் வேண்டும். அதனைத் தேடுவோமாயின் நம் கடற்கரைக்கே வந்து சேர்வோம்.

கருமணல்

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என்னும் ஊர்களின் கரையில் நடப்போர், வெண்மணலின் ஊடே கருநிறக் கோடுகள் ஓடியிருத்தலைக் காணலாம். யாம் தோழர் சிலருடன் தை மாதத்தில் அவ்வழி நடந்தபோது, வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், மழைக்காலத்துப் பேரலைகள் ஓய்ந்த பின்னர் அக்கோடுகள் தெளிவாகத் தெரியும் என்றார். உடன் வந்த இரசாயனப் பேராசிரியர் அதன் காரணத்தை விளக்கினார். மலையும் பாறையும் சிதைந்து ஆற்றின் வழியே கடலை அடைகின்றன. வெண்மணலோ எடை குறைந்தது, கருமணலோ கனமானது. நம் வீட்டு மகளிர் முறத்திற் புடைக்குங்கால் பதர் பறக்க மணி தங்குவது போல, அலையானது இலேசான மணலை வாரிச் செல்லக் கனமான மணல் கரையில் தங்குகின்றது. அவர் ஒரு காந்தத்தைத் துணியிற் சுற்றி மணலிற் புரட்டக் கருந்துகள்கள் மயிர் போல எழுந்து ஒட்டிக்கொண்டன. எஞ்சியவற்றுட் செந்நிற மணிகளும், தேனின் நிறங்கொண்ட மிகச் சில துகள்களும் இருந்தன. மோனசைட்டு என்னும் கனிமத்தின் தோற்றம் அத்தேன் நிறமே என்றார் அவர்.

மோனசைட்டு என்னும் பெயர் 'தனித்திருத்தல்' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லினின்று வந்தது. கல்பாக்கக் கரையில் இம்மணல் ஆங்காங்கே திட்டுத் திட்டாக உள்ளது. இதிலுள்ள தோரியத்தால் அவ்விடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு சற்று மிகுந்திருக்கும் என்பதை ஆராய்ச்சியாளர் அளந்துள்ளனர். இக்கனிமம் நம் நாட்டில் அறியப்பட்ட கதை சுவையுடையது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்ட ஷாம்பர்க் என்னும் செருமானியர், 1909-இல், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த மணவாளக்குறிச்சியில் மோனசைட்டு இருத்தலை வெளிப்படுத்தினார். அக்காலத்து அதன் மதிப்பு, காஸ் விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியத்தால் உண்டாயது. நாடு விடுதலை பெற்ற பின் 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. ஆலுவாயில் அதன் ஆலை 1952-இல் திறக்கப்பட்டது.

தோரியத்தை நீக்கி நோக்கின், மோனசைட்டில் பெரும்பங்கு சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் உலோகங்களே. யூரோப்பியம், கடோலினியம், டெர்பியம் என்பன மிகச் சிறு அளவில் அவற்றோடு கலந்திருக்கும். இம்மூன்றுமே யாம் தேடிய விளக்குகள். கல்பாக்கத்து மணலிலிருந்தே ஆய்வுக்கூடத்து யூரோப்பியம் எடுக்கப்படுகின்றது என்பது எம் கூற்றன்று. நம் காலடியிற் கிடக்கும் மணலின் குலத்திற்கும் உயிரணுவினுள் எரியும் விளக்கிற்கும் உறவுண்டு என்பதே எம் கூற்று.

நண்டின் கொடுக்கு

யூரோப்பியத்தை 1901-இல் பிரெஞ்சு நாட்டுத் தெமார்சே கண்டறிந்தார். அதன் அயனி, தக்க நிலையில், ஆழ்ந்த செந்நிற ஒளி காலும். டெர்பியம் பச்சை ஒளி காலும். ஆயின், தனியே நிற்கும் யூரோப்பியத்தின் மேல் எவ்வளவு ஒளியைப் பாய்ச்சினாலும் அது மிகச் சிறு பங்கையே உட்கொள்ளும். மேலும், நீர் அதனைத் தொடுமாயின், அது பெற்ற ஆற்றலை நீரின் அதிர்வு கவர்ந்துகொள்ளும், விளக்கு அவியும். இவ்விரு குறைகளையும் நீக்குவது துணை மூலக்கூறு ஒன்று. அத்தகைய துணையை நம் பாடநூல்கள் 'ஈனி' என்று வழங்குகின்றன. ஈனியும் உலோகமும் கூடிய கூட்டம் 'அணைவுச் சேர்மம்' எனப்படும். ஒரே ஈனி பல இடங்களில் உலோகத்தைப் பற்றுமாயின் அது 'கொடுக்கிணைப்பு' ஆகும். மேலை நாட்டார் இதற்கு இட்ட பெயரும் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றே பிறந்தது. கடற்கரை மணலில் வளை தோண்டும் நண்டு தன் இரையைக் கவ்வும் வகையைக் கண்டோர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

ஈனி உலோகத்தைக் காப்பதோடு அதற்கு ஒளியையும் ஊட்டுகின்றது. மதுராந்தகம் ஏரியை நினைமின். அதன் நீர்ப்பரப்பின் மேல் நேரே விழும் மழையால் மட்டும் அவ்வேரி நிரம்பாது. பரந்த நிலத்தின் மேல் விழுந்த மழையெல்லாம் கால்களின் வழியே வந்து சேர்தலாலேயே அது நிரம்புகின்றது. அவ்வாறே, அகன்ற ஈனி புற ஊதா ஒளியை ஏராளமாக உட்கொண்டு, அவ்வாற்றலைத் தன் நடுவிலுள்ள உலோகத்திற்குப் பாய்ச்சுகின்றது. உலோகம் அதனைத் தன் செந்நிற ஒளியாக வெளியிடுகின்றது. யூரோப்பியச் சேர்மங்களில் இவ்வுண்மையை 1942-இல் வைஸ்மன் என்பார் எடுத்துக்காட்டினார்.

மணியோசை

இனி, ஒளி காலும் சாயங்கள் வேறு பல உளவே, உலோகத்தின் சிறப்பு யாது எனின், கூறுதும். உயிரணுவே ஒளி காலும் இயல்புடையது. அதன்மேல் புற ஊதா ஒளி பட்டவுடன் அதிலுள்ள இயற்கைப் பொருள்கள் பல மங்கலாக ஒளிர்கின்றன. அவ்வெளிச்சத்தின் நடுவே நாம் ஏற்றிய சிறு விளக்கு, நண்பகலில் ஏற்றிய அகல் போலப் பயனற்றுப் போகின்றது. விளக்கைப் பெரிதாக்கின் அணுவிற்குத் தீங்கு. ஆகலின் வேறு வழி வேண்டும்.

நம் கல்லூரி மணியைக் கருதுக. ஒருவன் மரப்பலகையையும் மணியையும் ஒருங்கே அடிப்பானாயின், அக்கணத்தில் இரண்டோசையும் கலந்தே கேட்கும். ஒரு நொடி பொறுத்துச் செவி சாய்ப்போமாயின், பலகையோசை அற்றுப்போக மணியோசை மட்டும் நின்று ஒலிக்கும். உயிரணுவின் இயற்கையொளி பலகையோசை போன்றது. வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்காகிய காலத்தில், ஒன்றிரண்டு முதல் சில பங்குகளுக்குள் மறைந்துவிடும். யூரோப்பியத்தின் ஒளியோ மணியோசை போன்றது. வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்களவு நீடிக்க வல்லது. பல நூறாயிரம் மடங்கு நெடுமை! எனவே, ஒளியை ஒரு முறை வீசி நிறுத்தி, இயற்கையொளி அடங்கும் வரை கருவியின் கண்ணை மூடியிருந்து, பின்னர்த் திறந்தால், இருள் நிறைந்த பரப்பில் யூரோப்பியம் மட்டும் ஒளிரும். பேரொளியால் வெல்வதன்று, பொறுமையால் வெல்வது இவ்விளக்கு.

பின்லாந்து நாட்டுத் துர்க்கு நகரத்தார் 1980-களில் இம்முறையை மருத்துவச் சோதனையாக்கினர். பிறந்த குழவியின் குதிகாலில் எடுத்த ஒரு துளிக் குருதியைத் தாளில் உலர்த்தி, தைராய்டைத் தூண்டும் இயக்குநீர் அதில் எவ்வளவு உளதென்று யூரோப்பிய ஒளியால் அளத்தல் அவற்றுள் ஒன்று. தைராய்டுக் குறையோடு பிறந்த குழவியை முதற்கிழமைகளிற் கண்டு மருந்து கொடுப்பின் அதன் அறிவு இயல்பாக வளரும். காணாது விடின் வாழ்நாள் முழுதும் அறிவு குன்றும். பெரியவரின் வினாவிற்கு ஒரு துறையில் விடை கிடைத்துவிட்டது என்பதை யாம் இவ்விடத்துக் கண்டு மகிழ்ந்தோம்.

அடையாளம் அறிதல்

விளக்கு மட்டும் போதாது. அது தக்க இடத்தில் மட்டும் எரிதல் வேண்டும். இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறுவோம்.

முதலாவது ருத்தேனியம். 1990-இல் அமெரிக்க நாட்டு ஜாக்குலின் பார்ட்டனும், பிரெஞ்சு நாட்டு ஜான்-பியர் சவாஜும், அவர்தம் குழுவினரும் ருத்தேனிய அணைவு ஒன்றின் வியத்தகு இயல்பை வெளியிட்டனர். நீரில் அஃது ஒளிராது. மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையை அடைந்தவுடன் ஒளிர்கின்றது. காரணம் யாதெனின், அதன் தட்டையான ஓர் உறுப்பு, ஏணிப்படிகளின் இடையே ஏட்டைச் செருகினாற்போல, டி.என்.ஏ.வின் படிகளுக்கிடையே நுழைந்து நீரின் தீண்டலினின்று தப்புகின்றது. குடத்திலிட்ட விளக்கு எவர்க்கும் பயன்படாது என்பது நம் பழமொழி. இவ்விளக்கோ குடத்தினுட் புகுந்தால்தான் எரிகின்றது! இவ்வகை அணைவொன்றை உயிருள்ள அணுவினுட் செலுத்தி டி.என்.ஏ.வைக் காணும் முறையை, 2009-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்டனர். நம் தமிழ்நாட்டிலும், திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பழனியாண்டவரும் அவர்தம் மாணவரும் செம்பு, ருத்தேனியம் முதலியவற்றின் அணைவுகள் டி.என்.ஏ.வோடு பிணையும் வகையைப் பல்லாண்டு ஆராய்ந்துள்ளனர்.

இரண்டாவது கடோலினியம். இது கண்ணுக்கு ஒளி தருவதன்று. தன் காந்த இயல்பால் அண்டை நீரை மாற்றி, எம்.ஆர்.ஐ. படத்தில் அவ்விடத்தை வெளிறச் செய்வது. அமெரிக்கரான தாமசு மீடு என்பாரும் அவர் குழுவினரும் 1997-இல் கடோலினியக் கூட்டின் வாயிலைச் சர்க்கரை மூலக்கூறு ஒன்றால் மூடினர். வாயில் மூடியிருக்கும் வரை நீர் உலோகத்தை அணுகாது, படமும் மங்கியிருக்கும். அச்சர்க்கரையை வெட்டும் நொதி அணுவில் இருப்பின், அது மூடியை வெட்டிவிடும், நீர் உட்புகும், படம் வெளிறும். 2000-ஆம் ஆண்டில், உயிருள்ள தவளைக் கருவில் இந்நொதி தொழிற்படும் இடங்களை இவ்வாறு கண்டனர். கருவைக் கொல்லவில்லை, கீறவுமில்லை. கோல்கியின் வெள்ளிக்கும் இதற்கும் உள்ள தொலைவைக் கற்றோர் எண்ணிப் பார்ப்பாராக.

மீண்டும் திண்ணைக்கு

இவையெல்லாம் அயல்நாட்டு ஆய்வுக்கூடத்துப் பெருமைகள், செங்கற்பட்டுத் திண்ணைக்கு என்ன பயன் எனின், அதனையும் கூறுவோம். இட்டெர்பியம், எர்பியம் என்னும் அருமண் உலோகங்களைக் கொண்ட சிறு துகள்கள் சில உள. அவற்றின் மேற் கண்ணுக்குத் தோன்றாத அகச்சிவப்பு ஒளியை வீசினால், அவை கண்ணுக்குத் தோன்றும் பச்சை ஒளியைத் தரும். குறைந்த ஆற்றலுடைய ஒளித்துகள்கள் இரண்டைக் கூட்டி மிகுந்த ஆற்றலுடைய ஒன்றாக வெளியிடுதல் இது. குருதியோ தோலோ இவ்வாறு செய்யாது. ஆதலின் இத்துகள்கள் இருக்குமிடத்தன்றி வேறெங்கும் பச்சை ஒளி தோன்றாது. யூரோப்பியம் காலத்தாற் பிரித்துக் காட்டியதை இவை நிறத்தாற் பிரித்துக் காட்டுகின்றன.

ஆலந்து நாட்டு லெய்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் இத்துகள்களைத் தொழுநோய்ச் சோதனைக்குப் பயன்படுத்தினர். தொழுநோய்க் கிருமியின் மேலுறையில் மட்டுமே காணப்படும் கொழுப்புப் பொருள் ஒன்று உண்டு. அதனை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும், நோய்க்கால அழற்சியைக் காட்டும் வேறு சில புரதங்களையும், விரல் நுனிக் குருதித் துளியிலிருந்து ஒரு தாள் பட்டையில் அளக்கும் முறை அது. வங்காளதேசத்தில் நோயாளரிடத்தும் அவர்தம் வீட்டாரிடத்தும் இதனை ஆராய்ந்தனர். இச்சோதனை உயிரணுவின் உள்ளே நோக்குவதன்று. உயிரணு குருதியில் விட்ட அடையாளத்தை நோக்குவது. கிருமி மிகுந்தவரிடத்து இது தெளிவாகவும், குறைந்தவரிடத்து மங்கலாகவும் விடை தரும் என்பதையும் மறைத்தல் தகாது. ஆகவே, தழும்பைத் தொட்டு உணர்ச்சி உளதோ என நோக்கும் மருத்துவர் கைக்கு இஃது ஈடாகாது, துணையாகும். 2022-ஆம் ஆண்டில் உலகிற் புதியவராகக் கண்டறியப்பட்ட தொழுநோயாளர் ஏறத்தாழ 1,74,000 பேர்; அவருட் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினர். ஆதலின் இத்துணை நமக்கு வேண்டாததன்று.

தளர்ந்த கொடுக்கு

நன்மையை மட்டும் கூறித் தீமையை மறைத்தல் கல்விக்கு அழகன்று. கொடுக்கினுள் அடங்கிய கடோலினியம் பயன்தரும். கொடுக்கினின்று நழுவிய கடோலினியம் நஞ்சு. அதன் அயனி பருமனிற் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தை ஒத்திருத்தலின், உடல் மயங்கி அதற்கு இடங்கொடுக்கும். சிறுநீரகம் குன்றியோர் சிலர்க்கு எம்.ஆர்.ஐ. சோதனையின் பின்னர்த் தோலும் தசையும் இறுகிக் கல்லாகிய துன்ப நோய்க்கும் இவ்வுலோகத்திற்கும் தொடர்புண்டென்பது 2006-இல் வெளியாயிற்று. நாண் போல நீண்ட ஈனிகள் உலோகத்தை எளிதில் நழுவவிட்டன. வளையம் போல மூடிய ஈனிகள் இறுகப் பற்றின. ஐரோப்பிய மருந்து ஆணையம் 2017-இல் நாண் வகையிற் பெரும்பாலானவற்றின் பயன்பாட்டை நிறுத்தப் பரிந்துரைத்தது. விளக்கின் ஒளியைக் கண்டு மகிழ்ந்தோர் அதனை ஏந்தும் தண்டின் உறுதியை நோக்க மறந்தனர் போலும். உயிரணுவினுள் விடப்படும் எவ்விளக்கும், 'எவ்வளவு ஒளிரும்?' என்னும் வினாவிற்கு முன்னர், 'எவ்வளவு உறுதியாகப் பற்றப்பட்டுளது?' என்னும் வினாவிற்கு விடை கூறுதல் வேண்டும்.

தமிழ் மாணாக்கர் கடன்

இனித் தொடக்கத்திற் குறித்த நகைப்பிற்கு வருவோம். பெரியவர் எம்மை வினவியது தமிழில். அவர்க்கு விடை தமிழிலேயே கூறப்படல் வேண்டும். ஈனி, அணைவு, கொடுக்கிணைப்பு என்னும் சொற்கள் எம் பாடநூல்களில் உறங்குகின்றன. பள்ளியிற் படித்துத் தேர்வில் எழுதியபின் அவற்றை மறந்துவிடுகின்றோம். ஈனுதல் என்பது தருதல், அணைதல் என்பது தழுவுதல், கொடுக்கு நண்டினுடையது. இம்மூன்றையும் அறிந்த சிற்றூரார்க்கு, உலோக விளக்கின் இயல்பை அரைநாழிகையில் விளங்கச் செய்யலாம் என்பதை யாம் பின்னர்க் கண்டோம். இரசாயனம் பயிலும் தோழர் பொருளைத் தருவர். தமிழ் பயிலும் யாம் சொல்லைத் தருவோம். உலோகமும் ஈனியும் கூடியபோதன்றி ஒளி பிறவாமை போல, இவ்விருவரும் கூடியபோதன்றி இவ்வறிவு ஊருக்குட் செல்லாது.

கோடை விடுமுறைக்கு முன்னர் அச்சிற்றூருக்கு மீண்டும் சென்றோம். பெரியவர் அதே திண்ணையில் இருந்தார். கடல் மணலும், மணியோசையும், நண்டின் கொடுக்கும் பற்றி யாம் கூறியவற்றைப் பொறுமையோடு கேட்டார். கேட்டு முடித்தபின், அருகே நின்ற தம் பேரனை அழைத்து, அவன் சட்டையைக் கழற்றி, முதுகிலும் தோளிலும் வெளிறிய தழும்பு ஏதும் உளதோ என்று தம் இடக்கையால் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "கண்ணாடி வரும் வரையில் நான் பார்த்துக்கொள்கிறேன், தம்பி" என்றார்.

கருவியினும் முந்தியது கருத்து என்பதை அவர் எமக்குக் கற்பித்தார். வெளிறிய, உணர்ச்சியற்ற தழும்பொன்றைத் தம் மேனியிலோ பிறர் மேனியிலோ காண்போர் அன்றே அரசு மருத்துவமனையை அடைதல் வேண்டும். மருந்து ஆங்கு விலையின்றிக் கிடைக்கும். முன்னரே உண்பார்க்கு விரல் கெடாது. இவ்வொரு செய்தியை இதழைப் படிக்கும் தோழர் ஒவ்வொருவரும் தம் ஊருக்கு எடுத்துச் செல்வாராயின், யாம் இக்கட்டுரை எழுதியதன் பயனை எய்தியவராவோம்.